தண்ணி வந்துச்சா?

எங்கள் வீட்டில் மூன்று சுவிட்சுகளுக்கு வேலை கிடையாது. கூடத்தில் ஒன்று, மாடிப்படிக்குக் கீழே ஒன்று, பூஜையறை வாசலில் ஒன்று. 1996ல் வயரிங் செய்த எலெக்ட்ரீஷியன் எதை நினைத்து அவற்றை வைத்தாரோ, அவருக்கே இன்று ஞாபகம் இருக்காது. இருபத்தெட்டு வருடம் அவற்றைப் போடாமலும் அணைக்காமலும் சௌகரியமாகத்தான் இருந்தோம். வீட்டை விற்பதென்று முடிவானதும் வந்த முதல் பார்ட்டியின் எட்டு வயதுப் பையன், உள்ளே நுழைந்த மூன்றாவது நிமிடத்தில் மூன்றையும் கண்டுபிடித்துவிட்டான்.

"அங்கிள், இது எதுக்கு?"

"அது ஸ்பேர்."

"இது?"

"அதுவும் ஸ்பேர்தான்."

மூன்றாவதை அழுத்திவிட்டு என்னைக் கேட்கவில்லை. திரும்பி அவன் அப்பாவைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே ஒரு லட்சம் குறைந்திருக்கும்.

இந்த இடத்தில் என் உத்தியோகத்தைச் சொல்லியாக வேண்டும். நான் உள்தணிக்கையில் இருந்தவன். முப்பத்தொரு வருடம் ஊர் ஊராகப் போய், அடுத்தவர் கிடங்கில் எத்தனை போல்ட் குறைகிறது, எந்த வவுச்சரில் கையெழுத்து இல்லை என்று எழுதிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன். ஆகவே மூட்டு வலியால் மாடி ஏற முடியாமல் போய், மகள் இருக்கும் கோயம்புத்தூருக்கே போய்விடலாம் என்று தீர்மானித்தபோது, வீட்டைப் பார்வைக்குத் தயார் செய்யும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். "குறை கண்டுபிடிக்கிறது என் தொழில். அடுத்தவன் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நான் கண்டுபிடிச்சிடுவேன்" என்று மனைவியிடம் சொன்னேன். "கண்டுபிடிப்பீங்க" என்றாள். அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லாததை அப்போது நான் கவனிக்கவில்லை.

நீள நோட்டு ஒன்று வாங்கிக் கட்டம் போட்டேன். வரிசை எண், குறை, தீவிரம், பரிந்துரை, நிறைவேற்றிய தேதி. இரண்டே நாளில் அறுபத்தொரு குறை. மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு மூடாத கொல்லைக் கதவு, ஃபுட் வால்வு போனதால் நாலு குவளை தண்ணீர் ஊற்றினால்தான் இழுக்கும் மோட்டார், கரையான் தின்று பெயிண்ட்டால் மட்டும் நின்றுகொண்டிருக்கும் பரண் சட்டம். எழுதியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் கடைசிக் கட்டத்தில் ஒரு தேதியும் விழவில்லை. அந்தக் காலத்தில் என் அறிக்கைகளுக்குக் கிளை அலுவலகங்களிலிருந்து ஒரு பதில் வரும்: 'கவனிக்கப்படும்.' அதைப் படித்து எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். இப்போது என் கையாலேயே நாற்பது குறைகளுக்கு எதிரே 'கவனிக்கப்படும்' என்று எழுதினேன்.

புரோக்கர் அனுபவசாலி. "சார், சனிக்கிழமை பார்ட்டி வர்றாங்க. வீட்ட கொஞ்சம் பளிச்னு வச்சிடுங்க. அப்புறம் ஒரு விஷயம். வீட்டுக்காரர் ரொம்பப் பேசக்கூடாது. பேசப் பேச வெல எறங்கும்" என்றார். விலையில் இரண்டு சதவீதம் அவருக்கு. அந்தப் புத்திமதிக்கே அதைக் கொடுக்கலாம். நான்தான் அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கூடத்துச் சுவரில் ஓதம். தரையிலிருந்து இரண்டடி வரைக்கும் உப்புப் பூத்து, விரலால் தொட்டால் கோலமாவு மாதிரி உதிரும். சரியான வைத்தியம், பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்து, புதிதாகப் பூசுவது. அதற்கு மூன்று வாரம் ஆகும் என்றார் கொத்தனார். எனக்கு இருந்தது மூன்று நாள். மளிகைக் கடையில் கொடுத்த பெரிய முருகன் காலண்டரை அந்த இடத்தில் மாட்டினேன். ஓதம் இருந்தது முழங்கால் உயரத்தில். ஆகவே முருகனும் முழங்கால் உயரத்தில்.

ஈர வாசனைக்கு என்ன செய்வது? சாம்பிராணி. நானே தணல் போட்டு வீடு பூராவும் புகை காட்டினேன். செவ்வாயோ வெள்ளியோ, விளக்கு வைக்கிற நேரமோ என்றால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, கண் எரிகிற அளவுக்குப் புகை. வந்த அம்மாள் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வீட்ல யாராவது... சமீபத்துல?" என்று கேட்டார்.

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. எங்கப்பா மட்டுந்தான். இதே கூடத்துலதான். ஆனா அது 2009ல" என்றேன்.

புரோக்கர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த அம்மாளின் கணவர் குனிந்து முருகனைப் பார்த்து, "ஏன் சார் சாமி இவ்ளோ கீழ?" என்று கேட்டதெல்லாம் கணக்கிலேயே வராது.

இதெல்லாம் சில்லறை. என்னுடைய பெரிய தோல்வி மாடிப்படிச் சுவரில் இருந்தது.

வீடு முடிச்சூரில். 2015ல் சென்னையில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அந்த நவம்பர் நடுவில் ஒருமுறை தண்ணீர் உள்ளே வந்து முழங்கால் வரை நின்றது. கழுவி, காயவைத்து, மெத்தையை மொட்டை மாடியிலிருந்து இறக்கிப் போட்ட வாரத்திலேயே டிசம்பர் 1 மழை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர். மறுநாள் காலை கீழ்க்கூடத்தில் நாலடிக்கு மேல் தண்ணீர். ஃப்ரிட்ஜ் மல்லாந்து மிதந்தது. எங்களைப் படகில் கொண்டுபோனார்கள்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து, சேற்றை வாரிப் போட்டபின், எனக்குச் சரித்திர உணர்ச்சி பொங்கிவிட்டது. மகளின் கருப்பு பெர்மனென்ட் மார்க்கரை எடுத்து, படிச்சுவரில் தண்ணீர்க் கறை நின்ற இடத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன். கீழே எழுதினேன்: '02.12.2015 காலை 7.40.' தணிக்கைக்காரன் இல்லையா, நேரத்தோடு எழுதினேன். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டுவேன். காபி ஆறும்வரை காட்டுவேன். "இதை ஏன் எழுதி வச்சிருக்கீங்க, பென்சில்ல எழுதக் கூடாதா?" என்று மனைவி அன்றைக்கே கேட்டாள். பென்சில் அழிந்துவிடும் என்று சொன்னேன்.

சென்னையில் வீடு பார்க்க வருகிறவர்கள் கிணறு, போர், பட்டா, வாஸ்து எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: 'தண்ணி வந்துச்சா?' வருடம் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கேள்விக்கு நான் ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தேன். "வாசப்படி வரைக்கும் வந்துச்சு." பொய் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வாசற்படியோடுதான் நின்றது. எந்த வருடம் என்று அவர்கள் கேட்காதபோது நான் ஏன் சொல்ல வேண்டும்? இப்படி ஒரு பதிலை எந்தக் கிளை மேலாளராவது எனக்குத் தந்திருந்தால் அவரைத் தொலைத்திருப்பேன்.

சுவரை மறைக்க வேண்டுமே. பெயிண்டர் வந்து பார்த்துவிட்டு, "மார்க்கர் மசி சார் இது. மேல எமல்ஷன் அடிச்சா ஊறி மேல வந்துடும். தேய்ச்சிட்டு, ஆயில் பிரைமர் ஒரு கோட்டு விட்டு, பட்டி பார்த்து அடிக்கணும்" என்றார். கூலி ஆயிரத்து ஐந்நூறு. ஒரு கோட்டுக்கும் ஒரு தேதிக்கும் ஆயிரத்து ஐந்நூறா? அவரை அனுப்பிவிட்டு, பரணிலிருந்த பழைய எமல்ஷன் வாளியை எடுத்து நானே ஒரு கோட்டு அடித்தேன். காய்ந்தது. கோடு மறைந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மறுநாள் காலை 2 தெரிந்தது. கருப்பாக இல்லை, லேசான ஊதாவாக, மூடுபனியில் ஆள் வருகிற மாதிரி. இரண்டாவது கோட்டு அடித்தேன். சாயங்காலம் கோடு முழுசாக மேலே வந்தது. மூன்றாவது கோட்டை ஆத்திரத்தில் கட்டியாக அடித்ததில் பெயிண்ட் வடிந்து, சொட்டுச் சொட்டாக அப்படியே காய்ந்துவிட்டது. இப்போது சுவரின் மற்ற இடமெல்லாம் வெளிறிப்போன பழைய சந்தன நிறம், நடுவில் மூன்றடிக்கு இரண்டடி புதுச் சந்தனச் செவ்வகம், அதன் நடுவே ஊதாவில் ஒரு தேதி. சட்டம் போட்டு மாட்டியதுபோல இருந்தது. முன்பெல்லாம் நான் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினால்தான் பார்ப்பார்கள். இப்போது வாசலிலிருந்தே தெரிந்தது.

இரண்டாவது பார்ட்டி ஒரு ஐ.டி. தம்பதி. நல்ல பிள்ளைகள். வெளியே வெயில் அடித்த நேரம் என்பதால் படிப்பக்கம் இருட்டாகத் தெரிந்து சுவர் தப்பித்தது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. கிளம்பும்போது அந்தப் பையன் சும்மா ஒரு வார்த்தைக்கு, "செம்பரம்பாக்கம் திறந்தப்போ அந்தத் தண்ணிதான் இந்தப் பக்கம் வந்துச்சாமே அங்கிள்?" என்றான்.

'வாசப்படி வரைக்கும்' என்று சொல்லியிருக்க வேண்டும். புரோக்கர் என் முழங்கையைக்கூடத் தொட்டார். ஆனால் ஒரு தகவல் பிழை என் முன்னால் நின்று கண் சிமிட்டும்போது என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. "தப்பு!" என்று ஆரம்பித்தேன். செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீர் திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேருகிறது. நாம் அதற்கு மேற்கே, ஆற்றின் மேல்பக்கம் இருக்கிறோம். ஆகவே அன்றைக்குத் திறந்துவிட்ட 29,000 கன அடி என்பது ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டைக்காரர்களின் வழக்கு, நமக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நமக்கு வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர் என்று, பேப்பர் வாங்கிப் படம் போட்டு, கால் மணி நேரம் விளக்கினேன்.

அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ இந்த வீட்டுக்குத் தண்ணி வராதுங்கறீங்களா அங்கிள், வரும்ங்கறீங்களா?" என்றாள்.

"வரும்மா. ஆனா செம்பரம்பாக்கத்துலேருந்து வராது."

அவர்கள் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

நடுவில் நடந்த சின்ன அவமானங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2003ல் மழைநீர் சேகரிப்பு எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று அரசு சொன்னபோது, தெருவில் எல்லோரும் குழி தோண்டி ஜல்லியும் மணலும் நிரப்பினார்கள். நான் மொட்டை மாடியிலிருந்து ஒரு பி.வி.சி. குழாயை இறக்கி மண்ணுக்குள் அரையடி செருகினேன். பார்க்கிறவர்களுக்கு அதற்குக் கீழே குழி இருப்பதாகத் தோன்றும். இருபத்தொரு வருடம் எனக்கே அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது. ஒரு பார்ட்டியின் மாமனார் விளையாட்டாகக் குழாயைப் பிடித்து ஆட்டினார். கையோடு வந்துவிட்டது.

இன்னொன்று பத்திரம். 1996ல் வீட்டுக்கடனுக்கு எழுதிக்கொடுத்த அடமானம் 2011ல் முடிந்தது. அன்று அல்வா வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தேன். கடன் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது மட்டும் அல்வா சந்தோஷத்தில் விட்டுப்போனது. வில்லங்கச் சான்று இப்போது பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுத்துவிடலாம் அல்லவா. ஒருவர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டே கைப்பேசியில் எடுத்து, "சார், வீடு இன்னும் அடமானத்துலதான் இருக்கு" என்றார். என் வீடு அடமானத்தில் இருக்கிற செய்தியை விருந்தாளி சொல்லித் தெரிந்துகொண்டேன். அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் அலைந்தேன். கேட்ட இடத்திலெல்லாம் 'கவனிக்கப்படும்' என்றார்கள்.

கடைசியாக வந்த அம்மாள் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாக, ஷேர் ஆட்டோவில், சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் வந்திருக்கிறார். அந்த அரை மணியைத் தெருமுனை இஸ்திரி வண்டியில் கழித்திருக்கிறார். வீடு விற்கிறவர்கள் பெயிண்ட்டுக்குச் செலவழிக்கிற பணத்தில் பாதியை இஸ்திரிக்காரருக்குக் கொடுக்கலாம் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

உள்ளே வந்ததும் காபி வேண்டாம் என்றார். குளியலறைக்குப் போய் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். வாட்டம் பார்க்கிறார். தண்ணீர் பாதி ஓட்டைக்குப் போனது, மீதி எங்களைப் பார்த்து வந்தது. கைப்பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துத் தரை டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டினார். பொக்கென்று கேட்ட இடத்திலெல்லாம் நின்று என்னை ஒரு பார்வை. காலண்டரைத் தூக்கி, கீழே இருந்ததைப் பார்த்துவிட்டு, முருகனைப் பழையபடி ஜாக்கிரதையாகத் தொங்கவிட்டார். நான் என் நீள நோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அறுபத்தொன்றில் இல்லாத ஏழு குறைகளை அவர் கண்டுபிடித்தார். எழுதிக்கொண்டேன். பழக்கதோஷம்.

படிக்குக் கீழே வந்ததும் கேட்டார். "தண்ணி வந்துச்சா சார்?"

"வாசப்படி வரைக்கும்..."

"இஸ்திரி போடறவர் உங்கள பால்கனியிலேருந்து போட்ல எறக்கினாங்கன்னாரு. எறங்கும்போது உங்க செருப்பு ஒண்ணு விழுந்துடுச்சாம், அதை எடுக்கப் போட்டைத் திருப்பச் சொன்னீங்களாம்."

செருப்பு விஷயம் உண்மைதான். புதுச் செருப்பு.

அவர் கைப்பேசி டார்ச்சைப் போட்டுச் சுவரின் ஓரமாகச் சாய்த்துப் பிடித்தார். நேரே பார்த்தால் ஊதாவாகத் தெரிந்தது, சாய்ந்த வெளிச்சத்தில் வடிந்து காய்ந்த பெயிண்ட்டோடு சேர்ந்து கல்வெட்டாக எழுந்து நின்றது. "ஏழு நாப்பதா, ஏழு நாப்பத்தாறா?" என்று கேட்டார். நாற்பது என்றேன். "எங்களுக்கு ஜாபர்கான்பேட்டையில ஆறடி. மணி பார்க்கல" என்றார்.

ஜாபர்கான்பேட்டை. என் வாய் திறந்தது. திருநீர்மலை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, மூடிக்கொண்டேன்.

அவர் டேப் கொண்டுவந்திருந்தார். தரையிலிருந்து கோடு வரை அளந்து, கவர் ஒன்றின் பின்புறம் கணக்குப் போட்டார். இந்த வீட்டை ஜாக்கி வைத்து ஐந்தடி தூக்கப் போகிறாராம். எங்கள் பக்கத்தில் இப்போது சகஜம். அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, அடியில் வரிசையாக ஜாக்கிகளை வைத்து, நூல் பிசகாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி ஏற்றுவார்கள். பக்கத்துத் தெருவில் இரண்டு வீடு அப்படி எழும்பி நின்று எங்களைக் குனிந்து பார்க்கின்றன. தூக்கும் செலவு, குளியலறை, ஓதம், எல்லாம் கழித்து ஒரு தொகை சொன்னார். நான் மனதில் வைத்திருந்ததைவிட ஆறு லட்சம் குறைவு. அந்தத் தொகையிலும், ஐம்பது லட்சத்தைத் தொடுவதால் வாங்குகிறவர் ஒரு சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். முப்பத்தொரு வருடத் தணிக்கைக்காரனுக்கு.

மனைவி சமையலறை வாசலிலிருந்து தலையசைத்தாள். நானும் சரி என்றேன்.

போகும்போது அவர் ஒன்று சொன்னார். "அந்தக் கோட்டு மேல இனிமே பெயிண்ட் அடிக்காதீங்க சார். வீடு தூக்கறவருக்கு அதைத்தான் காட்டணும். முடிஞ்சா மேல அடிச்சதை எடுத்துடுங்க."

மறுநாள் உப்புத்தாள் வாங்கிவந்து உட்கார்ந்தேன். மூன்று கோட்டையும் தாண்டிக்கொண்டு வந்த எழுத்து, மேலே இருப்பதை நீக்கினால் இன்னும் பளிச்சென்று தெரியும் என்பது என் எண்ணம். முதலில் மெதுவாகத் தேய்த்தேன். வடிந்த சொட்டுகள் போகவில்லை என்று அழுத்தினேன். காபி குடித்துவிட்டு வந்து இன்னும் அழுத்தினேன். பத்து மணிக்குப் பெயிண்ட் போயிருந்தது. கோடும் போயிருந்தது. தேதியும் போயிருந்தது. சாம்பல் நிறத்தில் சிமென்ட் பூச்சும் என் மடியில் ஊதாப் பொடியும்தான் மிச்சம்.

அந்த அம்மாள் போட்ட அளவு அவர் கவரோடு போய்விட்டது. கேட்க வெட்கமாக இருந்தது. மார்க்கரைத் தேடி எடுத்து, ஸ்கேலை வைத்து, உத்தேசமாகக் கோடு போட்டு, '02.12.2015 காலை 7.40' என்று எழுதினேன். இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தேன். அப்படியே இருந்தது.

மனைவி வந்து பார்த்தாள்.

"அரையடி கீழ போட்டிருக்கீங்க."

"இல்ல, கரெக்டாதான் இருக்கு."

"ஏங்க, போட் வர்ற வரைக்கும் எட்டாவது படியில உக்காந்திருந்தது நான். ஏழாவது படி தண்ணிக்குள்ள இருந்துச்சு" என்று சொல்லி, மார்க்கரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி படி ஏற ஆரம்பித்தாள்.